மூன்றாவது மைக்

அந்தச் சபைக்குப் போதகர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். மைக் அண்ணன் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். பிறகு, "ஓ, மைக் அண்ணனா? அப்படிச் சொல்லுங்க" என்பார்.

வாரம் முழுக்க அவருக்குக் கடைத்தெருவில் ரிப்பேர் கடை. சுற்ற மறுக்கும் மின்விசிறி, சூடேற மறுக்கும் இஸ்திரிப்பெட்டி, துணியோடு பாதியில் நின்றுபோன வாஷிங் மெஷின் எல்லாம் அவர் மேஜைக்கு வந்து குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடக்கும். அது பிழைப்பு. உயிர் இருந்தது வேறோர் இடத்தில். ஆலயத்தின் பின்கோடியில், கடைசி பெஞ்சுக்குப் பின்னால், இடுப்பளவுக்குப் பலகை அடித்து அவரே ஒரு கூண்டு கட்டியிருந்தார். அதற்குள் இருந்தது, கருப்பாக, அகலமாக, மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வரிசை வரிசையாகக் குமிழ்கள் வைத்த ஒரு மிக்சர் போர்டு.

சும்மா சொல்லக்கூடாது, அதை அவர் வைத்திருந்த நேர்த்தியே தனி. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் போய்ப் பூட்டைத் திறந்து, மேலே போர்த்திய துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, படம் வரைகிற தூரிகையால் குமிழ் குமிழாகத் தூசி தட்டுவார். துணி அவர் மனைவி தைத்துக் கொடுத்தது. ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பூ வேலை. குமிழ்களின் பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அதுவும் மனைவியின் நகப்பூச்சுதான். போதகர் குரலுக்கு இந்தப் புள்ளி, பியானோ டீச்சருக்கு அந்தப் புள்ளி, போதகருக்கு ஜலதோஷம் பிடித்தால் கொஞ்சம் மேலே இன்னொரு புள்ளி. இந்தக் கணக்கு அவரைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. அவரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மெயின் சுவிட்ச் மேஜைக்கு அடியில் சுவரை ஒட்டி இருந்தது. அதைப் போட வேண்டுமானால் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, தலையைக் குனிந்து, கையை உள்ளே நீட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து மைக் அண்ணன் இதைச் செய்வார். பிறகு சபையார் ஜெபத்துக்கு முழங்காலிடும்போது அவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். யாராவது எழுந்து உட்காரும்போது மைக்கைத் தட்டிவிடுவார்களே, ஒரு கண் வைக்க வேண்டாமா?

சபைக்கே அவர் அண்ணன் என்பதால் அவர் மனைவி சபைக்கே அண்ணி. அண்ணி பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கும்போது இரண்டாவது பெஞ்சில் வந்து உட்காருவார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருக்கும். அதில் அண்ணியின் கைப்பை இருக்கும். கல்யாணமான புதிதில் அது மைக் அண்ணனின் இடம். கூண்டு கட்டிய நாளிலிருந்து கைப்பையின் இடம் ஆகிவிட்டது. அண்ணி அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

இப்படி இருக்கும்போது மாற்றலாகி வந்த பஸ் டிரைவர் ஒருவர் சபையில் சேர்ந்தார். ஆள் வாட்டசாட்டம், பேச்சு மட்டும் மெத்தென்று இருக்கும். முன்பு இருந்த ஊரில் சர்ச் மைக் வேலையை அவர்தான் பார்த்தாராம். வந்த முதல் வாரமே கூண்டின் பலகையில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்ல போர்டு அண்ணே. ஒத்தாசைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க. மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம். நீங்களும் ஒரு வாரம் அண்ணிகூட உட்காரலாம்."

"தம்பி, நீங்க பஸ் ஓட்டிக்கிட்டுப் போறப்ப ஒரு பயணி வந்து, 'கொஞ்சம் எந்திரிங்க, நான் ஓட்டறேன்'னா விடுவீங்களா?"

"அது எப்படி அண்ணே விட முடியும்?"

"அப்ப பெஞ்சுல போய் உட்காருங்க. வண்டி பத்திரமா போகும்."

டிரைவர் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டு, கூண்டுக்கு முன்னால் இருந்த கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். மைக் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பின்னந்தலையில் கண் வைத்த ஆள் மாதிரித் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹெட்போனில் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது. பாடகர் குழுவுக்கு மூன்று மைக்குகள். அதில் மூன்றாவது மைக்கில் ஒரு பெண் குரல் மற்றவர்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது அது மட்டும் கடைசி வார்த்தையில் நிற்கும். சுருதியும் லேசாக இறங்கியிருந்தது. யார் என்று அவர் தலையைத் தூக்கிப் பார்த்தாரா என்றால், இல்லை. அவருக்கு ஆள் எதற்கு, மைக் நம்பர் தெரிந்தால் போதாதா? குமிழைப் புள்ளியிலிருந்து கீழே இழுத்தார். குரல் அமுங்கிப்போனது.

ஆராதனை முடிந்ததும் பியானோ டீச்சரை வாசலில் நிறுத்தி, நாலு பேர் காதில் விழும்படியே சொன்னார்.

"டீச்சர், மூணாவது மைக் பக்கம் யாரோ இழுத்து இழுத்துப் பாடறாங்க. மொத்தப் பாட்டும் கெடுது. நான் குறைச்சு வெச்சிருக்கேன். இருந்தாலும் அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். "யாருன்னு நிஜமாவே தெரியலையா அண்ணே?"

"யாரா இருந்தா என்ன? பாஸ்டர் வீட்டம்மாவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். பாட்டு நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே அண்ணி சொன்னார். "இனிமே கொயர்ல பாடலைங்க. நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்குது."

"வயசாகுதுல்ல. உட்கார்ந்து கேளு" என்றார் மைக் அண்ணன், ஒரு இஸ்திரிப்பெட்டியின் வயரை உரித்துக்கொண்டே.

அந்த ஞாயிறு மூன்றாவது மைக் சுத்தமாகக் கேட்டது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. எவ்வளவு பெரிய காதடா உனக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டார். உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. அவர் காதில் எப்போதும் ஹெட்போன் அல்லவா இருந்தது.

வீட்டிலும் சில விஷயங்கள் கோளாறாகத்தான் நடந்தன. அண்ணி டிவியை அலற விட்டார். "தெருவுக்கே கேக்குது, குறை" என்று இவர் கத்தினால் குறைக்க மாட்டார். பிடிவாதம் என்று இவர் நினைத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது கேட்டால் பதில் வராது. கோபம் போலிருக்கிறது என்று இவரும் பேசாமல் இருந்துவிடுவார். ஒரு நாள் மகள் வந்து வாசல் மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய், கடைக்கு வந்து சாவி வாங்கிக்கொண்டு போனாள். மைக் அண்ணன் அன்றைக்கே மணியைக் கழற்றிக் குடைந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை. இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு மணியைக் கொண்டுவந்து மாட்டினார். அடித்தால் மேல்வீட்டுக் குழந்தை எழுந்து அழும். பிரச்சினை தீர்ந்தது என்று அவரும் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது.

யாரோ காரைக் கொண்டுவந்து கேட்டை அடைத்து நிறுத்திவிட்டார்கள். மைக் அண்ணன் கூண்டுக்குள் இருக்கும் சின்ன மைக்கை எடுத்து, காரை நகர்த்தும்படி அறிவித்தார். அறிவித்துக்கொண்டு இருக்கும்போதே டிரைவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இவர் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். திருப்பிய வேகத்தில் சின்ன மைக்கை அணைக்க மறந்துபோனார். இத்தனை வருஷத்தில் அவர் செய்யாத தப்பு.

அன்றைக்குப் பிரசங்கம் விக்கிரகங்களைப் பற்றி. மைக் அண்ணன் அதைக் கேட்டார் என்று சொல்ல முடியாது. போதகருக்குப் பல் கட்டியிருந்ததால் 'ச' வரும்போதெல்லாம் சீறியது. அந்தச் சீறலைக் குறைப்பதிலேயே மும்முரமாக இருந்தார். உண்மையைச் சொன்னால் கூண்டுக்குள் போன நாள் முதலாக அவர் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. குரல்களைத்தான் கேட்டிருக்கிறார்.

"கல்லு, மரம், பொன்னுன்னு வெளியில தேடாதீங்க" என்று போதகர் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல பொருளாவே இருக்கும். ஆண்டவருக்குன்னு சொல்லித்தான் வெச்சிருப்போம். அது விக்கிரகமா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. எது மேல இன்னொருத்தர் கை பட்டா உங்களுக்குப் பத்திக்கிட்டு வருதோ, அதைக் கொஞ்சம் உத்துப் பாருங்க."

சரியாக அந்த நேரத்தில், பின்பக்கம் ஏதோ லேசாக இரைவதைக் கேட்டுத் திரும்பிய டிரைவரின் கண்ணில், சின்ன மைக்கின் சிவப்பு விளக்கு எரிவது பட்டது. பாவம், நல்லது செய்யத்தான் நினைத்தார். மெதுவாகப் பலகைக்கு மேல் கையை நீட்டி அதை அணைக்கப் போனார். மைக் அண்ணன் பார்த்தது போர்டை நோக்கி வந்த ஒரு கையை மட்டும்தான். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"கையை எடுய்யா. என் பெட்டி மேல கை வெச்ச, நடக்கிறதே வேற."

சின்ன மைக் இவர் வாய்க்கு நேராக இருந்தது. இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் அட்சரம் பிசகாமல் போனது.

 மொத்த சபையும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பெஞ்ச் பெஞ்சாகப் பரவி, தூணுக்குத் தூண் மோதியது. போதகருக்கே அடக்க முடியவில்லை. "கேட்ட உடனே இவ்வளவு சத்தமா பதில் வரும்னு நான் எதிர்பார்க்கலை" என்றார். அவ்வளவுதான், கைக்குழந்தைகள்கூடச் சிரித்தன.

மைக் அண்ணனுக்குக் காதுமடல் கொதித்தது. தரை பிளந்து உள்ளே விட்டால் தேவலை என்றிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் மனைவியைத் தேடினார். என்ன ஆனாலும் அவள் ஒருத்தியாவது கோபமாகப் பார்ப்பாள், அதுவே ஓர் ஆறுதல்.

இரண்டாவது பெஞ்சில் அண்ணி திரும்பவே இல்லை.

அத்தனை தலைகளும் அவரை நோக்கித் திரும்பியிருந்தன. அந்த ஒரு தலை மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நேராக இருந்தது. சற்றுப் பொறுத்துப் பக்கத்திலிருந்தவர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும், தானும் சிரித்தது. என்ன ஏது என்று தெரியாமல், ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பு. கொஞ்ச நாளாக வீட்டில் அவர் பார்த்துக்கொண்டிருந்த சிரிப்பும் அதுதான்.

மைக் அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். அவமானம் எங்கே போனதென்று தெரியவில்லை.  பிரசங்கம் முடியும்வரை அவர் ஒரு குமிழையும் தொடவில்லை. போதகர் சீறிக்கொண்டே முடித்தார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அண்ணி முன்னால் போனார். இவர் வேண்டுமென்றே பின்தங்கினார். மெதுவாகக் கூப்பிட்டார். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட செல்லப்பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டார். எதிரே வந்த சைக்கிள்காரர்தான் திரும்பிப் பார்த்தார். அண்ணி கைப்பையை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டார். "எப்ப இருந்து?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். மறைக்கவெல்லாம் இல்லை. "இடது காது போய் ரொம்ப நாளாச்சு. வலது பக்கம் கொஞ்சம் கேக்குது. ஆள் எதிர்ல இருந்தா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். டாக்டர் காதுக்கு மெஷின் வெச்சுக்கச் சொன்னாரு."

"டாக்டர்கிட்ட யார்கூடப் போன?"

"டீச்சர்கூட."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"ஒரு சனிக்கிழமை. சர்ச்சுக்கு டீ எடுத்துக்கிட்டு வந்தேன். நீங்க பெட்டியைத் தொடைச்சுக்கிட்டு இருந்தீங்க. காது சரியா கேக்கலைங்க, பயமா இருக்குன்னு சொன்னேன். 'ம்'னீங்க. டீயை வெச்சுட்டு வந்துட்டேன்."

அவருக்கு அந்த டீ நினைவிருந்தது. ஆறிப்போயிருந்தது, கொட்டிவிட்டார். அண்ணி சொன்னது ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

"அப்ப மூணாவது மைக்ல..." என்று இழுத்தார்.

"நான்தான். டீச்சர் பாவம், சொல்லவும் முடியாம விழுங்கவும் முடியாம தவிச்சாங்க. நானே புரிஞ்சுக்கிட்டு ஒதுங்கிட்டேன்."

"சத்தியமா அது நீன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்" என்றார் அண்ணி. "அதான் கஷ்டமா இருந்துச்சு."

மைக் அண்ணன் அழுதுவிட்டார். விசும்பலும் மூக்குறிஞ்சலுமாக, குழந்தை மாதிரி அழுதார். ஊரில் எந்த ஸ்பீக்கர் எங்கே இரைந்தாலும் வீட்டிலிருந்தே சொல்லிவிடுகிற மனிதருக்குத் தன் மனைவியின் குரல் தெரியவில்லை. அண்ணி அடுப்பைத் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார். "போதும். நீங்க அழுறது எனக்குக் கேக்கலை. பார்க்க நல்லாவும் இல்லை" என்றார். அழுகையோடே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாரநாளில் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, காது டாக்டரிடம் இவரே கூட்டிக்கொண்டு போனார். அங்கே அண்ணியை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே ஒரு பெண் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மைக் அண்ணனுக்கு அந்தக் குமிழின் பாஷை தெரியும். அது ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தார். இந்நேரம் காற்று வீசுகிற அளவுக்குக் கேட்கும். இந்நேரம் பக்கத்து அறைப் பேச்சு அளவுக்கு. இந்நேரம் தெருவில் லாரி போகிற அளவுக்கு. கண்ணாடிக்குள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அக்கறையாகக் காத்திருந்தார். விரல் அசையவில்லை. இவர் வெளியே நின்று, இப்பவாவது அழுத்திவிடக்கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு உருகி அவர் எதையும் வேண்டிக் கேட்டதில்லை.

வலது காதுக்கு மெஷின் கிடைத்தது. வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகவே கேட்டது. அண்ணி முதல் காரியமாக வாசல் மணியை மாற்றச் சொன்னார்.

சனிக்கிழமை வழக்கம்போல மைக் அண்ணன் ஆலயத்துக்குப் போனார். பூட்டைத் திறந்தார், துணியை மடித்தார், சுவிட்சைப் போட முழங்காலை ஊன்றிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார். இந்த ஆலயத்துக்குள் தன் முழங்கால் தரையில் படுவது இந்தச் சுவிட்சுக்காக மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு எதற்காகவாவது மண்டியிட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தார். தெரியவில்லை. மேலே பார்த்தால் போர்டின் அடிப்பக்கம் தெரிந்தது. பூப் போட்ட துணி, பூட்டு, சாவி, தூரிகை. சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"ஆண்டவரே" என்றார் மேஜைக்கு அடியிலிருந்தே, "பெட்டி நல்ல பெட்டிதான். அது ஒரு பாவமும் பண்ணலை. எல்லாம் நான் பண்ணதுதான். என்னைக் கொஞ்சம் இதுகிட்டேர்ந்து எழுப்பி விடும்."

எழுந்திருக்க ஜெபம் மட்டும் போதவில்லை, மேஜைக்காலையும் பிடிக்க வேண்டியிருந்தது. எழுந்ததும் டிரைவருக்குப் போன் போட்டார்.

டிரைவர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று. மைக் அண்ணன் முதலில், "அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க தம்பி" என்றார். பிறகு சாவியை எடுத்து நீட்டினார். டிரைவர் கை நீட்டியதும், "இருங்க, ஒண்ணு சொல்லிடறேன்" என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தூசி தட்டுவது எப்படி என்று சொன்னார். மறுபடி நீட்டினார். மறுபடி இழுத்தார். இந்தக் குமிழ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்றார். டிரைவர் கையை நீட்டியபடியே பொறுமையாக நின்றார். நெரிசல் நேரத்தில் பஸ் ஓட்டிப் பழகினவர் அல்லவா. கடைசியில் மைக் அண்ணன் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடி அழுத்தினார். 

சிவப்புப் புள்ளிகளின் ரகசியத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாவது மைக்குக்கு வந்ததும், கீழே இழுத்து வைத்திருந்த குமிழைத் தானே தள்ளிப் புள்ளிக்குக் கொண்டுபோனார்.

"இது இங்கேயே இருக்கட்டும். இறக்காதீங்க."

ஞாயிறு காலை அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆலயத்தில் நுழைந்ததும் கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது. அண்ணி கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் போனார். இரண்டாவது பெஞ்சில் தான் உட்கார்ந்து, பக்கத்தில் கைப்பையை வைத்தார், பழக்க தோஷத்தில். பிறகு நிமிர்ந்து பார்த்தார். மைக் அண்ணன் உட்கார இடமில்லாமல் அசடு வழிய நின்றுகொண்டிருந்தார். அண்ணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியதைக் காட்டாமல் இருக்க, பைக்குள் எதையோ தேடினார்.

ஆராதனை தொடங்கியதும் ஒரு மைக் வீலென்று கூவியது. மைக் அண்ணனின் கை காற்றில் ஒரு குமிழைத் தேடியது. அண்ணி அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் டிரைவர் சமாளித்துவிட்டார். உலகம் ஒன்றும் முழுகிப்போகவில்லை.

ஜெபத்தில் இரண்டு பேரும் முழங்காலிட்டார்கள். பிரசங்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வரும் சத்தம் அண்ணியின் மெஷினில் ஒன்றாகக் குழம்பி, இரைச்சலாக மட்டும் விழுந்தது. அதனால் போதகர் ஒரு வாக்கியம் சொன்னதும் மைக் அண்ணன் அண்ணியின் வலது காதருகே குனிந்து அதையே மெதுவாகச் சொன்னார். அடுத்ததையும் சொன்னார். கேட்டால்தானே திருப்பிச் சொல்ல முடியும்? கூண்டு கட்டியதற்குப் பிறகு அவர் முழுசாகக் கேட்ட முதல் பிரசங்கம் அதுதான். நடுவில் ஓரிடத்தில் கேட்பதிலேயே லயித்துப்போய், திருப்பிச் சொல்ல மறந்துவிட்டார். "அப்புறம் என்ன சொன்னாரு?" என்று அண்ணி முழங்கையால் இடித்தார்.

முடிவுப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். பாடகர் குழு நிற்பது இரண்டாவது பெஞ்சுக்கு நேர் எதிரே. மூன்றாவது மைக் அண்ணிக்கு நாலு எட்டு தள்ளி இருந்தது. அண்ணி பாடப் போவதில்லை என்றுதான் வாயை மூடிக்கொண்டு நின்றார். மைக் அண்ணன் அவர் கையில் விரலால் தாளம் தட்டிக் காட்டினார், பாடு என்று. அண்ணி பாடினார். அரை அடி பின்னால்தான் வந்தது. சுருதியும் இறங்கித்தான் இருந்தது. இப்போது ஹெட்போன் இல்லாமல், பக்கத்தில் நின்று கேட்டபோது, இந்தக் குரலையா தெரியாமல் போயிற்று என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பியானோவோடு போய்க்கொண்டிருந்த தன் குரலை மெல்ல நிறுத்தினார். அண்ணி வந்து சேரட்டும் என்று காத்திருந்து, அவர் எடுத்த இடத்தில் சேர்ந்துகொண்டார். சபை முழுக்க ஆமென் சொல்லி முடித்து உட்காரப் போகும்போது, இவர்கள் இரண்டு பேரும் கடைசி வார்த்தையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பியானோ டீச்சர் விரலை எடுக்காமல் அவர்கள் முடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் டிரைவர் ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை, சந்தோஷம்.

"எப்படி அண்ணே இருந்துச்சு? எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மூணாவது மைக்ல ரெண்டு குரல் பின்னாடி பின்னாடி வருது. யாருன்னு தெரியலை. அடுத்த வாரம் கொஞ்சம் குறைச்சிடட்டுமா?"

மைக் அண்ணன் அண்ணியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அது புள்ளியிலேயே இருக்கட்டும்."